ஜில்லா போர்டு காலத்துப் பள்ளிக்கூடத்துக்கு மலர் போடுதோம், வரலாறை எங்கிருந்து எடுக்க?

கன்னடியன்கால்_பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மாதேவிக்கும் அம்பைக்கும் (அம்பாசமுத்திரம்) நடுவுல, தாமிரவருணி ஆத்துக்கும் கன்னடியன் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஊரு எங்களுக்கு. ஊர் பேரு இப்போதைக்கு வேண்டாம், தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சாலும் பேரைப் போடாதீங்க ப்ளீஸ். ஊர்ல ஒரு கவர்ன்மென்ட் ஸ்கூல், எங்க தாத்தா படிக்கும்போது ஜில்லா போர்டு ஹைஸ்கூல், எங்க அப்பா படிக்கும்போது கவர்ன்மென்ட் ஹைஸ்கூல், நான் படிக்கும்போது ஹையர் செகண்டரி. இப்ப பழைய மாணவர் சங்கம் சார்புல ஒரு மலர் போடுதோம், நானும் அந்தக் குழுவுல இருக்கேன்.

போன வாரம் குழு கூடிப் பேசினாங்க, மலர்ல என்னென்ன வரணும்னு. மொத நாப்பது பக்கம் வாழ்த்துச் செய்தி. அப்புறம் நன்கொடை குடுத்தவங்க போட்டோ, கலர்ல. அப்புறம் டாக்டர் ஆனவங்க, கலெக்டர் ஆபீஸ்ல பெரிய போஸ்ட்ல இருக்கவங்க, அமெரிக்கால இருக்கவங்க. பள்ளி வரலாறுன்னு ஒண்ணரைப் பக்கம், அதுக்கும் ஒருத்தர் ஏற்கனவே எழுதிக் குடுத்துட்டாரு, "பழமை வாய்ந்த இப்பள்ளி எண்ணற்ற மேதைகளை உருவாக்கியது"ன்னு ஆரம்பிக்குது, அதுல ஒரு வருஷம் இல்ல, ஒரு வாத்தியார் இல்ல, ஒரு மரம் கூட இல்ல. எனக்கு மனசே கேக்கல. அந்தப் பக்கத்தை நான் எழுதுதேன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன், பக்கமும் கூடக் கேட்டிருக்கேன்.

இப்ப பிரச்சினை என்னன்னா ஸ்கூல் எப்ப ஆரம்பிச்சதுன்னே ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. ஒரு தாத்தா வெள்ளக்காரன் காலத்துலயே இருக்குன்னு சொல்லுதாவ, இன்னொருத்தர் காமராஜர் திறந்து வச்சதுன்னு சத்தியம் பண்ணுதாவ, மூணாவது ஒருத்தர் ஒரு மிராசுதார் இடம் குடுத்து கீத்துக் கொட்டாய்ல நடந்துச்சுங்காரு. கல்வெட்டு ஒண்ணு இருக்கு, ஆனா அது சயின்ஸ் லேப் கட்டினப்ப வச்சது. இந்த மாதிரி ஸ்கூல் வரலாறு எழுதினவங்க, ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எந்தப் பேப்பரைப் பாக்கணும், யாரைக் கேக்கணும்? அதோட உங்க உங்க ஸ்கூல் நாளெல்லாம் எப்படி இருந்துச்சுன்னும் எழுதுங்க, எந்தெந்த விஷயத்தைக் கேக்கணும்னு எனக்குப் பிடிபடும்.


ரிட்டயர்டு_கிளார்க்_அம்பை எழுதியது:

தாயி, நல்ல காரியம் எடுத்திருக்கீங்க. நான் ஸ்கூல் ஆபீஸ்லயும் டி.இ.ஓ (மாவட்டக் கல்வி அலுவலர்) ஆபீஸ்லயும் மாறி மாறி வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவன், அதனால பேப்பர் சமாச்சாரம் மட்டும் சொல்லுதேன்.

மொதல்ல கேக்க வேண்டியது சேர்க்கை நீக்கல் பதிவேடு. இது நிரந்தரப் பதிவேடு, மத்ததுல பலதைக் குறிப்பிட்ட வருஷம் கழிச்சு அழிக்கலாம், இதை அழிக்கக் கூடாது. ஹெச்.எம் ரூம்ல இரும்பு பீரோவுல அடித்தட்டுல இருக்கும். மொத வால்யூமை எடுத்து சேர்க்கை எண் 1 எந்தத் தேதின்னு பாருங்க, அதை விட நம்பிக்கையான தேதி வேற எங்கயும் கெடைக்காது. ஆனா ஒரு விஷயம், ஆரம்பப் பள்ளியா இருந்து நடுநிலையாகி அப்புறம் ஹைஸ்கூல் ஆன பள்ளியா இருந்தா ஒவ்வொரு தடவையும் புதுப் பதிவேடு போட்டிருப்பாங்க. உங்க ஊர்ல மூணு பெரியவங்க மூணு விதமா சொல்லுதாங்கன்னா மூணு பேரும் சொல்லுதது உண்மையாவே இருக்கலாம், ஒருத்தர் ஆரம்பப் பள்ளியைச் சொல்லுதாரு, ஒருத்தர் ஹைஸ்கூல் ஆனதைச் சொல்லுதாரு, ஒருத்தர் புதுக் கட்டடத்தைச் சொல்லுதாரு.

ரெண்டாவது, இடம். வி.ஏ.ஓ கிட்ட ஊர் நிலக் கணக்கு, அ-பதிவேடும்பாங்க, அது இருக்கும், பள்ளிக்கூடம் நிக்குத சர்வே நம்பருக்கு நேரா புறம்போக்கா, தானமா வந்ததான்னு தெரியும். தானம்னா சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பழைய வில்லங்கம் போட்டுப் பாருங்க, தானப்பத்திரம் இருந்தா நகல் கேளுங்க. அந்தப் பத்திரத்துல எழுதிக் குடுத்தவர் யாரு, எதுக்குக் குடுத்தாருன்னு அந்தக் காலத்து வார்த்தைல இருக்கும், அதை அப்படியே மலர்ல போடலாம்.

மூணாவது, ஜில்லா போர்டு. இதை நிறைய பேரு குழப்பிக்கிடுவாங்க. ஜில்லா போர்டுங்கது ஜில்லா அளவுல இருந்த உள்ளாட்சி அமைப்பு, ஐம்பதுகளோட கடைசில ஒழிஞ்சு போச்சு, பஞ்சாயத்து யூனியன் வந்துட்டு. ஆரம்பப் பள்ளி எல்லாம் யூனியனுக்குப் போச்சு, ஆனா போர்டு ஹைஸ்கூல் எல்லாம் தனியா நின்னுச்சு, 1970-லதான் முழுசா அரசு எடுத்துக்கிட்டது. அதனால உங்க அப்பா எந்த வருஷம் படிச்சாருன்னு கேட்டு, அவரோட டி.சி-யில முத்திரை என்ன இருக்குன்னு பாருங்க. அப்புறம் 1978-ல காலேஜ்ல படிச்ச பி.யூ.சி போயி ஸ்கூல்ல பிளஸ் டூ வந்துச்சு, அந்தச் சமயத்துல பல ஹைஸ்கூல் மேல்நிலை ஆச்சு, அதுக்கு அரசாணை இருக்கும், ஊர் மக்கள் கட்டின பங்குத்தொகைக்கு ரசீது இருக்கும்.

இன்னொண்ணு யாருக்கும் தோணாது. 1958-லருந்து காமராஜர் ஆட்சில பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு நடத்துனாங்க, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்தப்ப, முதல் மாநாடு கடம்பத்தூர்ல. ஊர்க்காரங்களே ஸ்கூலுக்குப் பெஞ்சு, கடிகாரம், மேப்பு, தண்ணித் தொட்டி, நிலம்னு குடுத்தாங்க. உங்க ஸ்கூல் பழைய பெஞ்சு, பீரோ, சுவர்க் கடிகாரம் இதுல எல்லாம் பெயிண்ட்ல பேரு எழுதியிருக்கான்னு பாருங்க, இருப்புப் பதிவேட்டுலயும் இருக்கும். இப்ப லட்ச ரூபாய் குடுத்தவங்க போட்டோ கலர்ல வருதுல்லா, அன்னைக்கு ஒரு பெஞ்சு வாங்கிக் குடுத்த விவசாயி பேரும் அதே மலர்ல வரணும்.

வெள்ளக்காரன் காலம்னா 1917-ல வந்த திருநெல்வேலி ஜில்லா கெசட்டியர் இருக்கு, அப்ப எந்தெந்த ஊர்ல ஹைஸ்கூல் இருந்துச்சுன்னு அதுல பாத்துக்கிடலாம். அதுல உங்க ஊரு இல்லன்னா அந்தத் தாத்தா சொல்லுதது ஆரம்பப் பள்ளியா இருக்கலாம், இல்ல 1917-க்கு அப்புறம் வந்த ஹைஸ்கூலா இருக்கலாம்.


சிக்ஸ்த்_ஃபார்ம்_66 எழுதியது:

நான் அம்பாசமுத்திரம் பக்கத்து போர்டு ஹைஸ்கூல்ல படிச்சவன், 1966-ல எஸ்.எஸ்.எல்.சி. அப்ப ஆறாங்கிளாஸ்னா ஃபர்ஸ்ட் ஃபார்ம், பதினொண்ணாங்கிளாஸ் சிக்ஸ்த் ஃபார்ம், அதுலதான் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குல ரெண்டு வகை, ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ். காம்போசிட் எடுத்தவன் நடையே வேற மாதிரி இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி புக்குன்னு கெட்டி அட்டை போட்ட ஒரு புஸ்தகம் குடுப்பாங்க, அதுல நம்ம அங்க அடையாளம், பிறந்த தேதி, மார்க்கு எல்லாம் இருக்கும், அதைத் துணில சுத்தி டிரங்குப் பெட்டில வச்சிருப்பாங்க வீட்டுல, வீட்டுப் பத்திரத்துக்கு அடுத்த மரியாதை அதுக்குத்தான். உங்க ஊர்ல அப்படி எத்தனை வீட்டுல இருக்குன்னு கேட்டுப் பாருங்கம்மா, போட்டோ எடுத்துப் போட்டா இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். அதுல இருக்க பிறந்த தேதியைப் பாத்தா பாதிப் பேரு மே மாசம் ஜூன் மாசம் பிறந்திருப்பாங்க, வீட்டுல தேதி தெரியாது, சேக்கும்போது அஞ்சு வயசு சரியா வர்ற மாதிரி வாத்தியார் போட்ட தேதி அது. எனக்கும் அப்படித்தான், அந்தத் தேதிலதான் வேலையும் கெடச்சது, ரிட்டயர்டும் ஆனேன்.

காலைல எங்க ஊர்லருந்து வயல் வரப்பு வழியா நடந்து வருவோம், மழைக்காலத்துல கால்வாய் தண்ணி தொடை வரைக்கும் இருக்கும், டவுசரைச் சுருட்டிக்கிட்டு புஸ்தகத்தைத் தலைல வச்சு இறங்கி ஏறுவோம். மேற்க கடையம் பக்கத்துல இருந்து வர்ற பசங்க ரயில்ல வருவாங்க, 1903-லயே செங்கோட்டை வரைக்கும் ரயில் வந்த ஊருல்லா நம்ம ஊரு. மீட்டர் கேஜ் வண்டி, லேட்டா வந்தா ரயில் பசங்களுக்கு மட்டும் அட்டெண்டன்ஸ்ல சலுகை உண்டு, அதைப் பாத்து எங்களுக்கு வயிறு எரியும். பிரேயர் வேப்பமரத்தடில. தண்ணிக்கு ரெண்டு மண்பானை, ஒரு அலுமினிய டம்ளர் சங்கிலில கட்டியிருக்கும். டிராயிங் மாஸ்டர், ட்ரில் மாஸ்டர், கிராஃப்ட் மாஸ்டர் எல்லாம் உண்டு, எங்களுக்குக் கிராஃப்ட் நெசவு, வீரவநல்லூர்ல இருந்து வந்த பசங்க வீட்டுலயே தறி இருந்ததால மாஸ்டருக்கே நாடா போட்டுக் காட்டுவாங்க.

சாப்பாடு பத்தி ஒண்ணு சொல்லணும். மதிய உணவுத் திட்டம் 1956-ல எட்டயபுரத்துல தொடங்கினது, அப்ப அது நம்ம திருநெல்வேலி ஜில்லா, 1986-லதான் அந்தப் பக்கம் பிரிஞ்சு தூத்துக்குடி ஆச்சு. நம்ம ஜில்லாக்காரங்க இதைச் சொல்லி நெஞ்சை நிமித்திக்கிடலாம், தப்பே இல்ல. ஆனா அது ஆரம்பப் பள்ளிக்குத்தான். ஊர்ல அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் மத்தியானம் ஒருவேளை சோறு கெடச்ச பையன் எங்க ஹைஸ்கூலுக்கு வந்தா கெடையாது. எங்க கிளாஸ்ல மத்தியானம் மணி அடிச்சதும் சில பசங்க வாய்க்காலுக்குப் போறேன்னு போவாங்க, குளிக்கப் போறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம், தண்ணியைக் குடிச்சுட்டு வந்து உக்காந்திருக்காங்க. ஃபர்ஸ்ட் ஃபார்ம்ல எங்களோட சேந்தவங்கள்ல நல்லாப் படிக்குத பசங்க சில பேரு தேர்டு ஃபார்ம் தாண்டல. சம்பளம் கட்ட முடியாம நின்னவங்களும் உண்டு, அந்தச் சம்பளத்தை எடுத்து எஸ்.எஸ்.எல்.சி வரைக்கும் இலவசம்னு ஆக்கினது காமராஜர் ஆட்சி, அது மட்டும் வரலன்னா நானும் மாடுதான் மேய்ச்சிருப்பேன். ஆறாங்கிளாஸ் முதல் பத்தாங்கிளாஸ் வரைக்கும் சத்துணவு வர்றதுக்கு 1984 ஆச்சு. எம்.ஜி.ஆர் 1982 ஜூலைல சின்னப் பிள்ளைகளுக்குத் தொடங்கி, ரெண்டு வருஷம் கழிச்சு பெரிய பிள்ளைகளுக்கும் விரிச்சாரு.

65 ஜனவரில இந்தி எதிர்ப்புப் போராட்டம், எங்க ஹைஸ்கூல் பசங்களும் கிளாஸை விட்டு வெளியில வந்தோம், பெரிய சார் கேட்டைப் பூட்டிட்டாரு, நாங்க பின்பக்க முள்வேலி வழியா போனோம். மாநிலத்துல இந்திப் பாடத்தை எடுத்தது 1968-ல. எந்த வருஷம் எந்தப் பாடம், எந்தப் பிரேயர்னு கேட்டாலே ஆளுங்க ஞாபகத்துக்குத் தேதி போட்டுரலாம். தமிழ்த்தாய் வாழ்த்து பாடினோம்னு ஒருத்தர் சொன்னா அவர் 1970-க்கு அப்புறம் படிச்சவரு. அதை எழுதின மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, பின்னால ஹிந்து காலேஜ் ஆன நம்ம நெல்லைப் பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியரா இருந்தவருன்னு இப்ப எத்தனை பேருக்குத் தெரியும்.


முக்கூடல்_அக்கா எழுதியது:

66 ஐயா எழுதினதைப் படிச்சு முடிச்சப்ப கண்ணு கலங்கிட்டு. நான் கேக்க நினைச்சது ஒண்ணுதான், இவ்வளவு நேரம் பேசினதுல பொம்பளப் பிள்ளைங்க எங்க?

கன்னடியன்கால் தங்கச்சி, நீங்க அந்தப் பதிவேட்டை எடுக்கும்போது கடைசிக் கட்டத்தையும் பாருங்க, விலகிய தேதி, விலகிய காரணம். எங்க ஸ்கூல்ல ஒரு வேலையாப் பதிவேடு பாக்க வேண்டி வந்துச்சு, அதுல எங்க செட்டு பொம்பளப் பிள்ளைங்களுக்கு நேரா "தொடர்ந்து வராமை" "தொடர்ந்து வராமை"ன்னு வரிசையா இருக்கு. எட்டாங்கிளாஸ்ல, ஒம்பதாங்கிளாஸ்ல. அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், நான் அவங்க பக்கத்துல உக்காந்திருந்தவ.

எங்க பக்கம் எல்லாம் பீடி. அம்மா பீடி சுத்துவா, அக்கா சுத்துவா, ஸ்கூல் விட்டு வந்ததும் நாங்க தட்டை எடுத்து மடியில வச்சிருவோம், இலை வெட்டுறது ஒருத்தி, சுத்துறது ஒருத்தி, நூல் கட்டி முனை மடக்குறது சின்னவ. வீட்டுப்பாடம் எப்ப எழுத? கடை அடைக்கிறதுக்குள்ள கட்டு குடுத்தாகணும். கைவேகம் உள்ள பிள்ளைன்னு பேர் எடுத்துட்டா அவளோட படிப்பு அதோட முடிஞ்சுது, ஏன்னா அவ சுத்துத காசு வீட்டுக்கு அரிசி ஆயிரும். வயசுக்கு வந்ததும் நின்னவங்க தனிக் கணக்கு. ஸ்கூல்ல கக்கூஸ் கெடையாது எங்களுக்கு, அதைப் பத்தி எந்த மலர்லயும் எழுதுனதை நான் பாத்ததில்ல. காலைல வீட்டுல இருந்து கெளம்புறப்ப தண்ணி குடிக்க மாட்டோம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் குடிப்போம். இப்ப இருக்க பிள்ளைங்களுக்கு இதைச் சொன்னா நம்ப மாட்டேங்குது.

ஆனா சந்தோஷமும் இருந்துச்சு, அதையும் சொல்லணும்லா. கேட்டு வாசல்ல ஒரு ஆச்சி கொடுக்காப்புளி, நவ்வாப்பழம், மாங்கா பத்தை, இலந்தவடை வச்சு விப்பா, காசில்லன்னா நாளைக்குக் குடுன்னு விட்டுருவா. ஆண்டு விழாவுக்குக் கும்மி, கோலாட்டம், அதுக்கு ஒரு மாசம் பிராக்டீஸ்னு சொல்லி கடைசிப் பீரியடு போகாது. எங்க தமிழ் டீச்சர் பாடம் நடத்தினா பக்கத்து கிளாஸ் பையன்கள் சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. பீடித் தொழிலாளி பிள்ளைங்களுக்கு மத்திய சர்க்கார் ஸ்காலர்ஷிப் ஒண்ணு உண்டு, அந்த ஃபாரத்தை வாங்கி, எங்க அம்மாவோட அடையாள அட்டையை வாங்கி, அவங்களே நிரப்பி அனுப்பினது அந்த டீச்சர்தான். அந்தப் பணம் வந்த வருஷம் எங்க அப்பா என்னை நிப்பாட்டணும்னு பேசல. 92 நவம்பர்ல தாமிரவருணி வெள்ளம் வந்தப்ப நான் பத்தாங்கிளாஸ், ஸ்கூல்ல ஊரே வந்து தங்கியிருந்துச்சு, எங்க கிளாஸ்ரூம்ல அடுப்பு கூட்டி கஞ்சி காய்ச்சினாங்க, கரும்பலகைல எழுதியிருந்த அல்ஜீப்ரா அழியாம அப்படியே இருந்துச்சு அவ்வளவு நாளும்.

அந்த மலர்ல ஜெயிச்சவங்க போட்டோ போடட்டும், வேண்டாம்னு சொல்லல. கூடவே பாதில நின்ன எங்க பிள்ளைங்ககிட்டயும் போய்க் கேளுங்க. அவங்களும் அந்த ஸ்கூல் பிள்ளைங்கதான். பழைய மாணவர் சங்கம்னு சொன்னா அவங்களுக்கு யாரும் அழைப்பிதழ் குடுக்குறதே இல்ல.


நெல்லை_டு_ஷார்ஜா எழுதியது:

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுறீங்க, மதிக்கிறேன். ஆனா மலர்ங்கிறது ஒரு விழாவுக்காகப் போடுறது, ஸ்பான்ஸர் பணத்துல வருது. அதுல கக்கூஸ் இல்ல, பசி, பாதில நின்னதுன்னு போட்டா பணம் குடுத்தவங்க சங்கடப்படுவாங்க, ஸ்கூலுக்கும் கெட்ட பேரு. நல்லதை மட்டும் போட்டுட்டு, மத்ததை வேற எங்கயாவது எழுதலாமே? பாளையங்கோட்டைல இருக்க மிஷன் ஸ்கூல் எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அவங்க மலர் எல்லாம் பாத்தா எவ்வளவு பெருமையா இருக்கு. பாரதியார் படிச்ச ஹிந்து காலேஜ் ஸ்கூல் மாதிரி பேரு சொல்லிக்கிற மாதிரி நாமளும் நம்ம ஆளுங்களைத்தானே சொல்லணும்.


சாக்பீஸ்_டீச்சர் எழுதியது:

ஷார்ஜா தம்பிக்கு: உங்க கவலை புரியுது, நான் இப்ப ஒரு அரசுப் பள்ளில வேலை பாக்குறவ, ஸ்கூலுக்குக் கெட்ட பேரு வர்றதை நானும் விரும்ப மாட்டேன். ஆனா கக்கூஸ் இல்லாம இருந்துச்சு, அப்புறம் கட்டினோம்னு எழுதுறது எப்படிக் கெட்ட பேரு ஆகும்? யாரு கேட்டு வாங்கினா, எந்த வருஷம் கட்டினாங்கன்னு எழுதினா அது அந்த ஸ்கூலோட பெருமைதான். பாரதி படிச்சதைச் சொல்றீங்க, 1894-லருந்து 97 வரைக்கும் அங்க படிச்சார், சரி. ஆனா ஒரு ஊர் ஹைஸ்கூலுக்குப் பாரதி வேண்டியதில்ல. வீட்டுல முதல் தடவையா கையெழுத்துப் போட்ட ஆளு யாருன்னு தேடினா அந்த ஆளு இந்த ஸ்கூல்லதான் இருப்பாரு, அவரு பேரை வேற எவனும் எழுத மாட்டான்.

இந்தப் பக்கத்து ஸ்கூல் வரலாறு எழுதுறப்ப சாப்பாட்டுப் பந்தியை விட்டுட்டு எழுதவே முடியாதுங்கிறது என் கருத்து. சேரன்மாதேவில சுதந்திரப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் நடத்தின தமிழ்க் குருகுலம் எல்லாருக்கும் தெரியும்னு நினைக்கிறேன், 1922-ல தொடங்கினது, தேசியக் கல்விக்காக, காங்கிரஸ் பணமும் போச்சு அதுக்கு. அங்க பிராமணப் பையன்களுக்குத் தனியா பந்தி போட்டாங்கன்னு தெரிஞ்சதும் அப்ப காங்கிரஸ் தலைவர்களா இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தாங்க, காங்கிரஸ்லயே பெரிய பிளவு ஆச்சு, 1925-லயே பெரியார் காங்கிரஸை விட்டும் வெளில வந்துட்டாரு. ஐயர் அதே வருஷம் ஜூன்ல பாபநாசத்துல அருவில விழுந்த மகளைக் காப்பாத்தப் போய் இறந்துட்டார். தமிழ்நாட்டு அரசியலையே திருப்பின விஷயம், நம்ம ஆத்தங்கரையில, பிள்ளைங்க எங்க உக்காந்து சாப்பிடணும்ங்கிற கேள்வில ஆரம்பிச்சது. முப்பது வருஷம் கழிச்சு இதே ஜில்லாவுல எட்டயபுரத்துல எல்லாப் பிள்ளையும் வரிசையா உக்காந்து ஒரே சோத்தைச் சாப்பிட்டாங்க. கன்னடியன்கால், உங்க ஸ்கூல் அந்தச் சேரன்மாதேவி பக்கத்துலயே இருக்கு, அங்க சத்துணவு தொடங்கினப்ப யாரெல்லாம் தட்டைக் கொண்டு வந்தாங்க, யாரு வீட்டுல வேண்டாம்னு சொன்னாங்க, சமைச்ச அம்மா யாருன்னு ஊர்ல கேளுங்க, நிறைய பேசுவாங்க.

இன்னொண்ணு கவனமா. பதிவேட்டுல சாதிக் கட்டம் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அப்படியே மலர்ல போட்டுடாதீங்க, அந்தக் கட்டத்தை மறைச்சுடுங்க. யாரோட டி.சி, யாரோட மார்க்குன்னாலும் அவங்க வீட்டுல கேக்காம போடாதீங்க. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இன்னைக்கும் சாதிக்கு ஒரு கலர்னு கையில கட்டுற கயித்தைப் பாத்துப் பெஞ்சு பிரிக்கிற பசங்க இருக்காங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஒரு பையனை அவன் கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினாங்க. அதுக்கப்புறம்தான் நீதிபதி சந்துரு தலைமைல அரசு குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தார், கயிறு, நெத்தில அடையாளம் எல்லாம் கூடாது, ஸ்கூல் பேர்லயே சாதி இருக்கக் கூடாதுன்னு. அந்தச் செய்தி வந்த நாள் என் கிளாஸ்ல பசங்க முகத்தைப் பாத்துப் பாடம் நடத்த எனக்கு வாய் வரல. அப்புறம் ஒரு பையன் தானா எழுந்து வந்து கையில இருந்த கயித்தை அறுத்து டேபிள்ல வச்சான், நான் ஒண்ணும் சொல்லல, அவன் தோள்ல கை வச்சேன் அவ்வளவுதான். இப்படிப்பட்ட பசங்களும் இருக்காங்கன்னு மலர்ல வரணும், அதுக்கு முதல்ல என்ன நடக்குதுன்னு வரணும்.


நெல்லை_டு_ஷார்ஜா எழுதியது:

டீச்சர், நீங்க சொல்றது சரிதான். எனக்கு நாங்குநேரி பக்கம்தான் ஊரு. நான் அந்த அர்த்தத்துல சொல்லல, ஆனா படிச்சப்புறம் யோசிச்சேன். எங்க ஸ்கூல்ல எங்க பெஞ்சு எப்படிப் பிரிஞ்சிருந்துச்சுன்னு எனக்கும் ஞாபகம் இருக்கு. ஒரு யோசனை, ஸ்பான்ஸர் வாழ்த்தெல்லாம் தனியா ஒரு சின்னப் புஸ்தகமா விழா அன்னைக்குக் குடுங்க, வரலாறைத் தனிப் புஸ்தகமா போடுங்க. ரெண்டாவதுக்கு அச்சுச் செலவுல ஒரு பங்கு நான் தர்றேன், என் போட்டோ வேண்டாம்.


கன்னடியன்கால்_பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இப்படி வரும்னு நினைக்கவே இல்ல. நடந்ததைச் சொல்லுதேன்.

கிளார்க் அண்ணாச்சி சொன்ன மாதிரி ஹெச்.எம் கிட்ட அனுமதி வாங்கி பீரோவைத் திறந்தோம். பழைய வால்யூம் இருக்கு! ஆனா 2023 டிசம்பர் வெள்ளத்துல அந்த ரூமுக்குள்ள தண்ணி வந்திருக்கு, அடித்தட்டுல இருந்த நோட்டு எல்லாம் ஈரமாகிக் காஞ்சு பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. மொத சில பக்கம் பிரிய மாட்டேங்குது, இழுத்தா கிழிஞ்சிரும்னு தொடாம வச்சிட்டு வந்துட்டோம். பிரிஞ்ச வரைக்கும் பாத்ததுல அக்கா சொன்ன கட்டத்தைப் பாத்தேன். "குடும்ப வறுமை", "தகப்பனார் இறப்பு", "வேற்றூர் சென்றமை", "தொடர்ந்து வராமை". அதுல எங்க பெரியத்தை பேரு இருந்துச்சு, ஏழாங்கிளாஸ்ல நின்னிருக்காங்க, அவங்க படிச்சாங்கன்னே எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கேட்டேன், எங்கிட்ட பேசாம உள்ள போயி ஒரு ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துட்டு வந்தாங்க, உள்ள காம்பஸும் ஒடஞ்ச ஸ்கேலும் இருக்கு, இத்தனை வருஷமா வச்சிருக்காங்க. அவங்க கிளாஸ்ல யாரெல்லாம் இருந்தாங்கன்னு பேரு பேரா சொன்னாங்க, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தோம், ரெக்கார்டு பண்ணியிருக்கேன்.

அதனால முடிவு பண்ணிட்டேன், பாதில நின்னவங்களைத் தேடிப் போய்ப் பேசி அதுதான் வரலாறுல பெரிய பகுதியா வரும். குழுவுலயும் சொல்லிட்டேன், ரெண்டு பேரு முகத்தைச் சுளிச்சாங்க, ஹெச்.எம் ஆதரவா இருக்காங்க. ரெண்டு புஸ்தகம் யோசனையையும் வச்சேன், அது எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஷார்ஜா அண்ணன் தனியா மெசேஜ் பண்ணுங்க.

ஒட்டின பக்கத்தை என்ன செய்ய? யாராவது சொல்லுங்க.


ரிட்டயர்டு_கிளார்க்_அம்பை எழுதியது:

தொடாம வச்சீங்கல்லா, அதுவே பெரிய காரியம். வெயில்ல வைக்காதீங்க, இஸ்திரிப் பெட்டி வைக்காதீங்க, ஹேர் டிரையர்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க. காத்தோட்டமான ரூம்ல தட்டையான பலகை மேல வச்சு, பிரிஞ்ச பக்கங்களுக்கு நடுவுல மை இல்லாத வெள்ளைத்தாள் வைங்க, நியூஸ் பேப்பர் வேண்டாம், அச்சு மை ஏறிரும். ஒட்டின மொத பக்கங்களை நாமளா பிரிக்கக் கூடாது. சென்னை எழும்பூர்ல ஆவணக் காப்பகத்துல இதுக்குன்னே தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, ஹெச்.எம் பேர்ல ஒரு லெட்டர் எழுதி சி.இ.ஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) மூலமா அனுப்பச் சொல்லுங்க. அது அரசு ஆவணம், அதனால வெளி ஆள் கைக்குக் குடுக்காதீங்க, ஸ்கூலை விட்டு எடுத்துட்டும் போகாதீங்க. பிரிஞ்ச பக்கத்தை எல்லாம் ஹெச்.எம் முன்னால போட்டோ எடுத்து வச்சிருங்க, அடுத்த மழைக்கு முன்னால பீரோவை மேல் மாடிக்கு ஏத்தச் சொல்லுங்க.

லெட்டர் எப்படி எழுதணும்னு தெரியலைன்னா சொல்லுங்க தாயி, நான் வரைவு போட்டுத் தர்றேன். திங்கக்கிழமை சேரன்மாதேவி வர்ற வேலை இருக்கு, அப்படியே உங்க ஸ்கூலுக்கும் வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்.


சிக்ஸ்த்_ஃபார்ம்_66 எழுதியது:

திங்கக்கிழமை நானும் வர்றேன். எஸ்.எஸ்.எல்.சி புக்கையும் எங்க செட்டு குரூப் போட்டோவையும் கொண்டு வர்றேன். போட்டோவுல பின்வரிசைல நிக்குத மூணு பேருக்குப் பேரு ஞாபகம் வரல, உங்க பெரியத்தை பாத்தா சொல்லுவாங்களான்னு கேட்டு வைங்கம்மா.